ஏழு கல் தோட்டில் ஒரு கல் விழுந்தால்: லேப் வைரத்தில் பழைய கட் பார்த்து வாங்குவது

கேள்வி: எங்கள் பாட்டியின் ஏழு கல் வைரத்தோடு என்னிடம் இருக்கிறது. ஜோடிக்குப் பதினான்கு கல். ப்ளூ ஜாகர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பின்பக்கம் தங்கத் தகடு வைத்து மூடிய வேலை. இடது தோட்டில், சுற்றியுள்ள ஆறில் ஒரு கல் விழுந்துவிட்டது. மற்ற கற்கள் 3.3 மில்லிமீட்டர் என்று அளந்து சொன்னார்கள். "லேப் டைமண்டில் ஓல்ட் மைன் கட் வருகிறது, 15 சென்ட், டி கலர், விவிஎஸ், பழைய கல் மாதிரியே இருக்கும்" என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா? மகளின் நிச்சயதார்த்தத்துக்கும் பழைய கட் வடிவத்தில் ஒரு காரட் லேப் வைர மோதிரம் செய்ய ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகி, திருச்சி

பதில்: லேப் வைரம், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த வைரம், வைப்பதில் தவறே இல்லை. ஆனால் கடைக்காரர் சொன்ன கல் உங்கள் தோட்டுக்கு ஆகாது. சரியான கல்லே கிடைத்தாலும் அதை விழுந்த இடத்தில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் பெயரைச் சரி பண்ணிக்கொள்வோம். உங்கள் கற்கள் வட்டமா, மூலை மழுங்கிய சதுரமா? ஏழு கல் தோட்டுக் கற்கள் பெரும்பாலும் வட்டம்தான். வட்டமென்றால் அது ஓல்ட் மைன் கட் இல்லை, ஓல்ட் யூரோப்பியன் கட். ஓல்ட் மைன் என்பது மெத்தைத் தலையணை மாதிரி சதுரச் சாயல் கொண்டது. நம் கடைகளில் பழையதாகத் தெரிவது எல்லாவற்றுக்கும் "ஓல்ட் மைன்" என்ற ஒரே பெயர்தான். அடி தட்டையான ரோஸ் கட்டைக்கூடச் சில இடங்களில் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். வட்டக் கல்லுக்கு "ஓல்ட் மைன்" என்று ஆர்டர் போட்டால், சதுரச் சாயல் கல்லோ, பேருக்குப் பழைய கட் ஆன ஒரு கல்லோதான் வந்து சேரும்.

இந்த வடிவங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் போலியை எளிதில் பிடிக்கலாம். சுரங்க வைரம் பெரும்பாலும் எட்டு முகப் படிகமாகக் கிடைக்கும், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினாற்போல. 18-ஆம் நூற்றாண்டில் பிரேசில் கற்கள் வரத் தொடங்கிய காலத்தில், கல்லின் எடையை இழக்காமல் தீட்ட வேண்டுமென்றால் அந்தப் படிகத்தின் போக்கிலேயே போக வேண்டியிருந்தது. மேல் நுனியைத் தேய்த்தால் டேபிள் எனும் மேல் தளம். கீழ் நுனியைக் கொஞ்சம் தேய்த்தால் கியூலெட் எனும் சின்னத் தளம். பக்கவாட்டில் சதுரச் சாயல் அப்படியே தங்கிவிடும். உயரமான மேல்பாகம், சிறிய டேபிள், திறந்த கியூலெட் எல்லாம் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல, கல் கொடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வந்தவை. 1870-களில் பாஸ்டனில் ஹென்ரி மோர்ஸின் பட்டறையில் கல்லை இயந்திரத்தில் சுழற்றி உருட்டும் முறை உருவானது. அதன்பிறகே கச்சிதமான வட்டம் பரவலானது. அந்த வட்டக் கல்தான் ஓல்ட் யூரோப்பியன். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டு, டேபிள் விட்டத்தில் 53 சதவீதம், மேல்பாகக் கோணம் 34.5 டிகிரி, அடிப்பாகக் கோணம் 40.75 டிகிரி என்று எழுதினார். அதற்கப்புறம் மேல்பாகம் தாழ்ந்தது, கியூலெட் மெல்ல மெல்ல மூடிப் புள்ளியானது.

ஆகவே, பட்டைகளை எண்ணிப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கியூலெட்டையும் சேர்த்தால் பழைய கல்லுக்கும் 58 பட்டை, இன்றைய கல்லுக்கும் 58 பட்டை. வித்தியாசம் பட்டைகளின் நீள அகலத்திலும் சாய்விலும் இருக்கிறது.

ஒரு வட்டக் கல்லை ஓல்ட் யூரோப்பியன் என்று ஏற்க அமெரிக்காவின் ஜிஐஏ ஆய்வகம் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. டேபிள் 53 சதவீதமோ அதற்குக் குறைவோ. மேல்பாகக் கோணம் 40 டிகிரியோ அதற்கு மேலோ. அடிப்பாகத்தில் விளிம்பிலிருந்து கியூலெட்டை நோக்கி இறங்கும் லோயர் ஹாஃப் பட்டைகளின் நீளம் 60 சதவீதமோ அதற்குக் குறைவோ. கியூலெட் மீடியமோ அதைவிடப் பெரியதோ. நான்கில் மூன்று பொருந்த வேண்டும். இந்த நாலு எண்ணையும் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அவருக்கே தெரியாமல் வேறு எதையோ விற்கிறார் என்று அர்த்தம். வஞ்சம் என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அறியாமைதான்.

லேப் கற்களில் நடக்கும் பெரிய கோளாறு இதுதான்: இன்றைய ரவுண்டு பிரில்லியண்ட் கல்லின் கீழ் நுனியை மட்டும் கொஞ்சம் மழித்து "ஆன்டிக் கட்" என்று விற்பது. நுனி திறந்துவிட்டால் லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நடுவே ஒரு சின்ன வட்டம் தெரியும், வாங்குகிறவர் அதைப் பார்த்ததும் நம்பிவிடுவார். ஆனால் டேபிள் 57, 58 சதவீதமாக அகன்றிருக்கும், லோயர் ஹாஃப் பட்டைகள் 75 சதவீதத்துக்கு மேல் நீண்டிருக்கும். 10 மடங்கு லூப்பில் டேபிள் வழியாக நேராகப் பாருங்கள். உண்மையான பழைய கட் கல்லில் உள்ளே அகலமான இதழ்கள் தெரியும். கல்லை லேசாக ஆட்டினால் கறுப்பும் வெளுப்புமாக இதழ் இதழாக மாறி மாறி விழிக்கும். மழித்த கல்லில் மெல்லிய அம்பு மாதிரி எட்டுக் கோடுகளும், சுற்றிலும் பொடிப்பொடியான மினுக்கும்தான். அந்தப் பொடி மினுக்கு பெரிய கடை விளக்கில் பிரமாதமாக இருக்கும். உங்கள் பாட்டி கல்லின் பக்கத்தில் வைத்தால் உடனே அந்நியமாகிவிடும்.

இப்போது அளவுக்கு வருகிறேன். சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு) கணக்கை ஒதுக்கிவிட்டு மில்லிமீட்டரைப் பிடியுங்கள். ஏழு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து ஒன்றை நடுவில் வைத்து ஆறைச் சுற்றி அடுக்கிப் பாருங்கள். ஒன்றையொன்று தொட்டபடி அளந்து வைத்தாற்போல உட்காரும். ஏழும் ஒரே விட்டமாக இருந்தால்தான் அது நடக்கும். ஏழு கல் தோடும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன 15 சென்ட் கல் வழக்கமான ஆழத்தில் இருந்தால் விட்டம் 3.4 மில்லிமீட்டருக்கு மேல் போகும். உங்கள் கூடு 3.3. அந்தக் கல்லை உட்கார வைக்க ஆசாரி இரண்டு பக்கமும் தங்கத்தைச் சுரண்ட வேண்டும், அப்போது பக்கத்துக் கற்களின் பிடியும் தளரும். இன்று ஒரு கல், ஆறு மாதத்தில் இன்னொரு கல்.

3.3 என்ற அளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூடிய வேலையில் தங்கம் கல்லின் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், வெளியிலிருந்து அளந்தால் உண்மை விட்டம் தெரியாது. காலியாக இருக்கும் குழிதான் நல்ல அளவுகோல். குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் டிஜிட்டல் அளவியில் 0.01 மில்லிமீட்டர் வரை எடுக்கச் சொல்லுங்கள். ஆழத்தை எடுக்க மறந்துவிடுவார்கள், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். புதுக் கல் ஒரு துளி ஆழமாக இருந்தாலும் அதன் நுனி அடித்தகட்டில் முட்டும். கல் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். அதை அமுக்கி உட்கார வைக்கப் பார்த்தால் விளிம்பில் சில்லு பெயரும்.

தோராயமாகக் கணக்குப் போட ஒரு சூத்திரம் இருக்கிறது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி (எல்லாம் மில்லிமீட்டரில்), 0.0061-ஆல் பெருக்கினால் வட்டக் கல்லின் காரட் வரும். 3.3 விட்டம், 2.08 ஆழம் என்றால் 0.138, அதாவது கிட்டத்தட்ட 14 சென்ட். ஆர்டர் கொடுக்கும்போது இப்படி எழுதிக் கொடுங்கள்:

விட்டம் 3.30 மி.மீ., கூடக்குறைய 0.03-க்குள்.
டேபிள் 46 முதல் 50 சதவீதம்.
மேல்பாகக் கோணம் 38 முதல் 40 டிகிரி, உயரம் 19 முதல் 22 சதவீதம்.
அடிப்பாகக் கோணம் 40 முதல் 41 டிகிரி.
லோயர் ஹாஃப் 50 முதல் 60 சதவீதம்.
கியூலெட் மீடியம் அல்லது ஸ்லைட்லி லார்ஜ்.
கர்டில் எனும் இடுப்பு விளிம்பு 2 முதல் 3 சதவீதம், பட்டை போடாமல் மங்கலாக விட்டது.
மொத்த ஆழம் 62 முதல் 64 சதவீதம்.

40 டிகிரி என்று ஆய்வகம் கேட்க, நான் ஏன் 38-இலிருந்து தொடங்குகிறேன் என்று கேட்பீர்கள். மற்ற மூன்று எண்களும் பொருந்துவதால் பெயர் போகாது. அத்தோடு மேல்பாகம் செங்குத்தாக ஏற ஏற, அடிப்பாகத்தைக் கொஞ்சம் சாய்வு குறைத்துத் தீட்டாவிட்டால் ஒளி அடிவழியாகக் கசிந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டிய ஜோடி. மேலே 42, கீழே 43 என்று இரண்டையும் ஏற்றித் தீட்டிய கல் பார்க்க மொத்தையாக இருக்கும், நடுவில் இருட்டு தங்கும், ஆணித்தலை மாதிரி. மாறாக அடிப்பாகம் 39-க்கும் கீழே போய், டேபிளும் அகன்றுவிட்டால், டேபிளுக்குள் மங்கலான சாம்பல் வளையம் ஒன்று மீன் கண் போல விழிக்கும். லேப் கல்லில் இந்த இரண்டுக்கும் சாக்குச் சொல்ல முடியாது. சுரங்கக் கல்லில் கல்லை மிச்சம் பிடிக்க ஆழத்தை விட்டுவைப்பார்கள், அது புரிகிறது. லேப் கல்லின் மூலப்பொருள் அந்த அளவுக்கு அருமையானது இல்லை. தாராளமாக வெட்டித் தள்ளலாம்.

கசிவைப் பார்க்க எளிய சோதனை: சிவப்புக் காகிதத்தின் மேல் கல்லை டேபிள் மேல்நோக்கி இருக்கும்படி இடுக்கியில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் கியூலெட் இருக்கும் இடத்தில் மட்டும் கடுகளவு சிவப்பு தெரிந்தால் சரி, அது திறந்த நுனி. இதழ்களுக்குள்ளேயே சிவப்பு பரவினால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைக் கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே செய்யாதீர்கள். அங்கே கண்ணாடிக் கல்லும் ஜொலிக்கும்.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதுவும் நல்லது வாங்குகிறோம் என்ற நினைப்போடு. டி என்பது வைர நிற அளவில் முதல் எழுத்து, நிறமே இல்லாதது. பழைய தோட்டுக் கற்கள் நன்றாகவே இருந்தாலும் கொஞ்சம் கீழே, லேசான மஞ்சள் சாயல் வெள்ளையாக இருப்பது சகஜம். பதின்மூன்று கல்லுக்கு நடுவில் ஒரு டி கலர் கல், பழைய பருத்திப் புடவையில் புது நைலான் ஒட்டு. மற்ற கற்களின் நிறத்துக்கு ஒரு படிக்குள் வரும் கல்லைக் கேளுங்கள். விசித்திரம் என்னவென்றால், லேப் கல்லில் லேசான சாயல் உள்ள கல்லைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். தயாரிப்பவர்கள் எல்லோரும் வெள்ளையைத் துரத்துகிறார்கள். நிறத் தரம் குறைந்து வரும் சிவிடி (வாயுவிலிருந்து படியவைத்து வளர்த்த) கல்லும் மஞ்சள் சாயலாக இல்லாமல் பழுப்பு அல்லது சாம்பல் சாயலாக வரலாம். ஹெச்பிஹெச்டி முறையில், அதாவது உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும், வளர்த்த கல்லில் போரான் கலந்து லேசான நீலம் தட்டலாம். சுரங்கக் கல்லின் மஞ்சள் வேறு, இவை வேறு. மடித்த வெள்ளைக் காகிதத்தின் நடுப்பள்ளத்தில் கல்லைக் குப்புற வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் சாயல் தெரியும். விவிஎஸ் என்ற மிக உயர்ந்த தெளிவுத் தரத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, 3.3 மில்லிமீட்டர் கல்லில் அதற்கடுத்த விஎஸ் போதும். அதைவிட முக்கியமாக, கல் பால் தெளித்தாற்போல மங்கலாகவோ எண்ணெய் பூசினாற்போல பட்டை ஓரங்கள் கலங்கியோ இருக்கக் கூடாது. அவசரமாக வளர்த்த சிவிடி கல்லில் அந்தக் கலக்கம் வரும்.

இனி, விழுந்த இடத்தில் ஏன் வைக்கக் கூடாது என்ற விஷயம். ப்ளூ ஜாகர் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. 995 காரட் எக்ஸெல்சியர் வைரம் 1893-இல் கிடைத்த இடம் அது. சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. அங்கே கிடைத்த சில கற்கள் வெயிலில் நீல வெளிறாகத் தெரியும். புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும் குணம்தான் காரணம். அந்தப் பெயரில் நம் ஊரில் விற்றதெல்லாம் அந்தச் சுரங்கத்துக் கல் என்று சொல்ல முடியாது, நீலம் ஒளிர்ந்த நல்ல வெள்ளைக் கல்லுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் கல் எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். 365 நானோமீட்டர் என்று எழுதிய யுவி டார்ச் ஒன்று வாங்குங்கள். ரூபாய் நோட்டுப் பார்க்கும் மலிவு டார்ச்சுகள் பல 395, அவற்றின் ஊதா வெளிச்சமே கல்லின் ஒளியை மறைத்துவிடும். இருட்டறையில் தோட்டின் மேல் அடியுங்கள், டார்ச்சை நேராகப் பார்க்காதீர்கள். பதின்மூன்றும் நீலமாக ஒளிர்ந்தால், அல்லது பெரும்பாலானவை ஒளிர்ந்தால், பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

அந்த நீலம் லேப் கல்லில் வராது. சுரங்கக் கல்லுக்குள் நைட்ரஜன் அணுக்கள் பூமிக்கடியில் நெடுங்காலம் வெப்பத்தில் கிடந்து கூடிச் சேர்ந்த ஓர் அமைப்புத்தான் அப்படி ஒளிர்கிறது. சில வாரங்களில் வளரும் கல்லில் அதற்கு நேரமில்லை. சிவிடி கல் நீண்ட அலை யுவியில் பெரும்பாலும் இருட்டாகவே கிடக்கும், அல்லது லேசாக ஆரஞ்சு காட்டும். ஹெச்பிஹெச்டி கல் குட்டை அலை யுவியில் ஒளிரும், விளக்கை அணைத்த பிறகும் சில விநாடி மங்கலாக மின்னிக்கொண்டிருக்கும். எவ்வளவு கச்சிதமாகத் தீட்டினாலும், உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் நிற்கும்போது அந்த ஒரு கல் மட்டும் கூட்டத்தில் சேராது. கல்யாண மண்டபத்தில் ஊதா விளக்கு போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

அதனால் என் யோசனை இது. ஒரே ஒரு லேப் கல் வாங்காமல் ஒரே மாதிரி இரண்டாக வாங்குங்கள். இரண்டு தோட்டின் நடுக்கல்லையும் எடுத்துவிட்டு, அந்த இரண்டு இடத்திலும் லேப் கற்களை வையுங்கள். எடுத்த நடுக்கற்களில் ஒன்று, விழுந்த கல்லின் குழிக்குப் போகும். இப்போது சுற்றிலும் பன்னிரண்டு பழைய கற்கள், நடுவில் இரண்டு புதுக் கற்கள், கையில் ஒரு பழைய கல் மிச்சம். கண் பக்கத்துப் பக்கத்துக் கற்களைத்தான் ஒப்பிடும். ஆறில் ஒன்று வேறாக இருந்தால் குறை, இரண்டு காதிலும் நடுக்கல் ஒரே மாதிரி வேறாக இருந்தால் அது அமைப்பு. இன்னொரு லாபம்: எந்தக் கல் லேப், எந்தக் கல் சுரங்கம் என்று நாளைக்கு யாரும் குழம்ப வேண்டாம், நடுக்கல் என்று சொன்னால் போதும். மிச்சமான பழைய கல்லைப் பொட்டலம் கட்டி, மேலே மில்லிமீட்டரும் எடையும் எழுதி, தோட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்த முறை கல் விழுந்தால் தேடி அலைய வேண்டாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சில பழைய தோடுகளில் நடுக்கல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கல்லைக் கழற்றியதும் அளந்து பாருங்கள். 3.3-க்கு மேல் ஓடினால் அது சுற்றுவட்டக் குழிக்கு வராது. அப்போது நேர்வழி, சென்னையிலோ உங்கள் ஊரிலோ பழைய வைரம் வாங்கி விற்கும் கடையில் யுவி டார்ச்சோடு போய் நீலம் ஒளிரும் 3.3 பழைய கல் ஒன்றைத் தேடுவது. உடைந்த பழைய தோடுகளிலிருந்து அப்படிப்பட்ட உதிரிக் கற்கள் வருவதுண்டு.

திருச்சிக்காரர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் உங்கள் பக்கம் பல காலமாக நடக்கிறது. லேப் வைரமும் செயற்கைதானே, அங்கேயே கொடுத்துக் கொஞ்சம் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாமா என்று தோன்றும். முடியாது. ஜிர்கான் தீட்டும் சக்கரம் வைரத்தைத் தொடக்கூட முடியாது. லேப் வைரமும் வைரமே, அதைத் தீட்ட எண்ணெயில் குழைத்த வைரப்பொடி தடவிய வார்ப்பிரும்புத் தட்டு வேண்டும், படிகம் எந்தத் திசையில் இளகும் என்று தெரிந்த கை வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் சூரத்தில்தான் நடக்கும். அளவு சரியாக வரும்படி ஆர்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆசாரியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பற்று வைக்கிற வேலை எதுவானாலும் கல்லைக் கழற்றிவிட்டு வைக்கட்டும். வைரம் கார்பன், காற்றில் சுமார் 700 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் மேற்பரப்பு வெந்து பால் படர்ந்தாற்போலாகும், லேப் கல்லுக்கும் இதே கதிதான். இரண்டாவது, பின்தகட்டைத் திறக்கும்போது எல்லாக் குழிகளையும் சுத்தம் செய்து, தகடு திரும்ப இடைவெளியின்றி மூடுகிறதா என்று பார்க்கட்டும். மூடிய வேலையில் எண்ணெய் இறங்கினால் தகட்டைத் திறக்காமல் திரும்ப எடுக்க வழியில்லை, கல் கண்ணவிந்தாற்போலாகிவிடும். பாதிக் கல் "மங்கிப்போச்சு" என்று கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் இதுதான் காரணம். வீட்டில் பூந்திக்கொட்டை நீரில் ஊறப்போடாதீர்கள். நனைத்த மெல்லிய பிரஷால் முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

கல் வந்ததும் கடைகளில் இருக்கும் பேனா மாதிரியான டைமண்ட் டெஸ்டரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வெப்பம் கடத்துவதைப் பார்க்கிறது. லேப் வைரத்துக்கும் சுரங்க வைரத்துக்கும் அது ஒரே மாதிரிதான் கூவும், வைரம் போலவே தெரியும் மாய்ஸனைட் என்ற வேறு கல்லுக்கும் சாதாரண டெஸ்டர் கூவும். மாய்ஸனைட்டை லூப்பில் சாய்த்துப் பார்த்தால் கீழ்ப்பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். லேப் கல்லைப் பிரித்தறிய ஆய்வகக் கருவிதான் வேண்டும். பில்லில் "லேபரட்டரி குரோன் டைமண்ட்" என்ற முழுச் சொல், சிவிடியா ஹெச்பிஹெச்டியா, எடை, மில்லிமீட்டர் நான்கும் இருக்கட்டும். 14 சென்ட் கல்லுக்குத் தனி ரிப்போர்ட் எடுப்பது வீண், பில் போதும். அந்தப் பில் தோட்டோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் விற்கப் போகும்போது ஒரு லேப் கல் கண்ணில் பட்டதும் மற்ற பன்னிரண்டையும் சந்தேகப்படுவார்கள்.

மகளின் மோதிரத்துக்கு நான் தயக்கமில்லாமல் லேப் கல்லையே சொல்வேன். அங்கே பொருந்த வேண்டிய பழைய கல் எதுவும் இல்லை. லேப் கல்லைத் திரும்ப விற்றால் கொடுத்த காசு வராது. பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். அதை மகளுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள், முதலீட்டுக் கணக்கில் வாங்க வேண்டாம். ஒரு காரட் ஓல்ட் யூரோப்பியன் 63 சதவீத ஆழத்தில் சுமார் 6.4 மில்லிமீட்டர் விட்டம் காட்ட வேண்டும், இன்றைய ரவுண்டு 6.5 காட்டும். 6.2-க்குக் கீழே இறங்கினால் எடை அடியில் ஒளிந்திருக்கிறது, வெளியே தெரியாத காரட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள். இந்த அளவுக் கல்லுக்கு ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும். ஐஜிஐ என்ற ஆய்வகத்தின் ரிப்போர்ட் எண் எல்ஜி என்ற எழுத்துகளோடு தொடங்கும், அதே எண் கர்டிலில் லேசரில் எழுதியிருக்கும், லூப்பில் ஒத்துப் பாருங்கள். ஜிஐஏ 2025 அக்டோபரிலிருந்து லேப் கற்களுக்கு நிறம், தெளிவு தரங்களை விரிவாகத் தருவதை நிறுத்திவிட்டு ப்ரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டே வகையாகச் சொல்கிறது. ரிப்போர்ட்டில் "ரவுண்டு பிரில்லியண்ட், கட்: எக்ஸலன்ட்" அல்லது "ஐடியல்" என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது பழைய கட் இல்லை என்பதற்கு அத்தாட்சியே அதுதான். அந்த மதிப்பெண் முறை இன்றைய ரவுண்டுக்காக வகுத்தது. 40 டிகிரி மேல்பாகம் உள்ள கல் அதில் மேல்வரிசைக்கு வரவே முடியாது.

நிறத்தில் இங்கே மகளின் இஷ்டம். மஞ்சள் தங்கத்தில் கட்டினால் ஜி, ஹெச் போதும், தங்கத்தின் சாயலே கல்லுக்குள் ஏறிவிடும். பழைய கல்லின் கோணல்மாணலையும் போலி செய்து, டேபிளை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்துத் தீட்டிய லேப் கற்களும் இப்போது வருகின்றன. அதற்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கைவேலையில் நேர்ந்த கோணலுக்கு ஓர் அழகு உண்டு, கணினியில் அமைத்த கோணல் வெறும் கோணல்.

மோதிரத்துக்கு அடி திறந்த வேலையே வேண்டும். அடைத்துவிட்டால் இதழ்களின் விளையாட்டு பாதி போய்விடும், கியூலெட் கறுப்புப் புள்ளியாக நிற்கும். மேல்பாகம் மட்டுமே விளிம்புக்கு மேல் 1.3 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும் கல் இது, முந்தானையிலும் தலைமுடியிலும் மாட்டும். நான்கு முனை வேண்டாம், ஆறு முனையில் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது விளிம்பைச் சுற்றித் தங்கம் ஏற்றிக் கட்டட்டும். கர்டில் மிக மெல்லியதாக இருந்தால் முனையை அழுத்தும்போதே சில்லு பெயரும், ஆகவே கட்டுவதற்கு முன் கர்டிலைச் சுற்றி ஒரு முழு வட்டம் லூப்பில் பார்த்துவிடுங்கள். கட்டி வந்ததும் இன்னொரு முறை அதே வட்டம். முதல்முறை இல்லாத சில்லு இரண்டாம் முறை இருந்தால், கடையை விட்டு இறங்குவதற்கு முன் கல்லை மாற்றித் தரச் சொல்லுங்கள்.